கொஞ்சம் முடியை விட்டு வைக்கணும்

நாற்காலியில் வந்து உட்காருகிறவரின் முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பதற்கு முன்பே என் விரல் அவர் கழுத்துக்குப் போய்விடும். தாடைக்குக் கீழே, குரல்வளையின் இரண்டு பக்கமும், பிறகு பிடரி. சோப்பு போடுமுன், தோல் உலர்ந்திருக்கும்போதே, நடுவிரல் நுனியால் ஒரு தடவல். கடுகு சிந்திக் கிடக்கிற மாதிரி நெருடினால் அன்றைக்கு அந்த இடத்தில் கத்தி வைக்கமாட்டேன். மெஷினால் குறைத்துவிட்டு, "மூணு நாலு வாரம் கத்தி படாம விட்டுட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவேன். கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனவர்கள் உண்டு. கழுத்து பழுத்துப்போய் ஒரு மாதத்தில் திரும்பி வந்தவர்களும் உண்டு.

வருகிறவர்கள் அதைப் பரு என்றும் சூட்டுக் கொப்புளம் என்றும் பிளேடு சேரவில்லை என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் அது எதுவுமில்லை. சிரைத்த முடி வெளியே நீளாமல் தோலுக்குள்ளேயே மடங்கி வளர்வதால் வருவது. இது எனக்குப் புரிவதற்குத் தொழிலில் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. என் அப்பாவுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை.

1976-ல், பதினாலு வயதில், அப்பாவின் அடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடக்க ஆரம்பித்தேன். கும்பகோணத்துக்குத் தெற்கே ஒரு சின்னக் கிராமம். அடைப்பத்தில் இரண்டு கத்தி, தீட்டுகிற தோல்வார், சாணைக்கல், கத்தரி, நகவெட்டி, முள்வாங்கி, ஒரு பித்தளைக் கிண்ணி, ஒரு துண்டு படிகாரம். வீடு வீடாகப் போவோம். திண்ணையில் இடமில்லை, கொல்லைப்புறத்து வேப்பமரத்தடிதான். கூலி அறுவடைக் களத்தில் நெல்லாக வரும். பகலில் அப்பாவை "வாடா, போடா" என்றவர்கள், இரவில் முதுகில் கட்டி பழுத்துத் தூக்கம் வராமல் துடிக்கும்போது ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். கட்டிக்குப் பற்றுப்போட்டுக் கீறி விடுவது அப்பாவின் வேலை. ஊரில் பிரசவம் பார்ப்பது அம்மாவின் வேலை. எங்கள் சமூகத்தாருக்கு மருத்துவர் என்ற பெயர் சும்மா வரவில்லை.

அப்பா சிரைப்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பாதி, தண்ணீர் தடவுவதிலேயே போகும். கிண்ணித் தண்ணீரை விரலால் தொட்டுத் தொட்டுத் தாடையில் தேய்த்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவார். முடி ஊறி மெத்தென்று ஆன பிறகுதான் கத்தி வரும். முடி சாய்ந்திருக்கிற பக்கமாகவே இழுப்பார், அதுவும் ஒரே தரம். "இன்னும் கொஞ்சம் மழமழன்னு இழேன்" என்று கேட்பவர்களிடம், "கொஞ்சம் முடியை விட்டு வைக்கணும் சாமி. ஒட்டச் சிரைச்சா அது உள்ள திரும்பிக் குத்தும்" என்பார். வயதாகிவிட்டது, கை ஓயப் பார்க்கிறது, அதற்கு ஒரு சாக்கு என்று நான் நினைத்துக்கொள்வேன்.

1984-ல் கும்பகோணத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் கடை போட்டேன். சுழல் நாற்காலி, இரண்டு பக்கமும் கண்ணாடி, ரேடியோ. வாடாவும் போடாவும் அங்கே வரவில்லை, வந்தவர்கள் "அண்ணே" என்றார்கள். அதற்காகவே நான் அந்தக் கடையைக் கோயில் மாதிரி வைத்திருந்தேன். நான் பெயரெடுத்த வேலை க்ளீன் ஷேவ். முதலில் நேராக ஒரு இழுப்பு, பிறகு பக்கவாட்டில், கடைசியில் கட்டைவிரலால் தோலை இறுக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு கீழிருந்து மேலே ரிவர்ஸ். முடித்ததும் ஒரு பஞ்சை எடுத்துக் கன்னத்தில் தேய்த்துக் காட்டுவேன். ஒரு இழைகூட ஒட்டாது. முகூர்த்த நாள்களில் மாப்பிள்ளைகள் விடியற்காலையிலேயே வந்து காத்திருப்பார்கள்.

அந்தச் சமயத்தில் வாடிக்கையாக வந்தவர் நகைக்கடையில் விற்பனைக்கு நின்ற ஒரு தம்பி. சுருட்டை முடி, தாடியும் சுருட்டை. தினம் சவரம் செய்துகொண்டுதான் கவுண்ட்டரில் நிற்கவேண்டும் என்பது அவர் முதலாளியின் கட்டளை. அவர் கழுத்து முழுக்கக் கருத்த முண்டுகள், சிலதில் சீழ் முனை. நான் ஊசியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகக் குத்தி, உள்ளே சுருண்டு கிடக்கும் முடியை முள்வாங்கியால் பிடித்து வேரோடு பிடுங்குவேன். சில முடி அரை அங்குலம்கூட வரும். அவருக்கு அப்படியொரு நிம்மதி. எனக்கும் பெருமையாக இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் அதே இடத்தில் அதே முண்டு மறுபடி நிற்கும்.

ஒருநாள் இதை ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு தோல் டாக்டர். மாதம் ஒருமுறை முடிவெட்ட வருவார். என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். "பிடுங்காதீங்க. பிடுங்கினா புது முடி கூர் முனையோட அடியிலேர்ந்து கிளம்பும், வழி தெரியாம மறுபடி சதையைத்தான் குத்தும். மடங்கின நுனியை மட்டும் வெளியே எடுத்து விடுங்க, வேரைத் தொடாதீங்க." அடுத்த தடவை வரும்போது ஒரு பூதக்கண்ணாடி கொண்டுவந்து அந்தத் தம்பியின் கழுத்தை எனக்குக் காட்டினார். இரண்டு விதமாக நடக்கிறது. வெளியே வந்த சுருட்டை முடி வில்லாக வளைந்து, பக்கத்துத் தோலைக் குத்தி மறுபடி உள்ளே நுழைகிறது. இன்னொரு முடி வெளியே வருவதேயில்லை. தோலை இழுத்துப் பிடித்து எதிர்ப்பக்கமாகச் சிரைக்கும்போது முடி தோல் மட்டத்துக்கும் கீழே அறுந்துபோகிறது. கையை விட்டதும் தோல் மூடிக்கொள்கிறது. மறுநாள் வளரத் தொடங்கும் முடி மயிர்க்காலின் சுவரையே துளைத்துக்கொண்டு பக்கவாட்டில் போகிறது. உடம்புக்கு அது தன் முடி என்று தெரியாது. முள் தைத்த இடத்தைப் போலச் சிவந்து வீங்கிச் சீழ் வைத்துப் போராடுகிறது.

நான் மூன்றாவது இழுப்பில் பெருமைப்பட்டதெல்லாம் இதற்குத்தான். பஞ்சு ஒட்டாத கன்னம் என்றால் முடி தோலுக்குக் கீழே போய்விட்டது என்று அர்த்தம். அன்றைக்கு ராத்திரி அப்பாவின் கிண்ணித் தண்ணீர்தான் ஞாபகத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஊறிய முடி மெத்தென்று அறுபடும், உலர்ந்த முடியை வெட்டினால் நுனி ஈட்டியாகிவிடும் என்பதை அவர் எந்தப் பூதக்கண்ணாடியும் இல்லாமல் கண்டுவைத்திருந்தார். அவரிடம் போய்ச் சொல்ல அப்போது அவர் இல்லை.

நகைக்கடைத் தம்பிக்கு மருந்து கிடைத்தது சபரிமலையில். அந்தக் கார்த்திகையில் மாலை போட்டார். 41 நாள் சவரம் கிடையாது. முதலாளியும் சாமி விஷயத்தில் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வாரம் என்னிடம் வந்து காட்டினார், கழுத்து முன்னைவிட மோசமாக இருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, "இப்படித்தான் முதல்ல கூடும். முடி நீளட்டும், தானா விசை மாதிரி துள்ளி வெளியே வந்துடும்" என்றார். மலைக்குப் போய்வந்து, மாலை கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்த அன்று தாடியை மெஷினால் எடுத்துவிட்டுக் கழுத்தைத் தடவினேன். விரலில் எதுவும் படவில்லை. கருப்புத் தழும்பு இருந்தது. நம் நிறத்துத் தோலில் அது போக மாதக்கணக்கில் ஆகும். ஆனால் முண்டு ஒன்றுகூட இல்லை. அதற்குப் பிறகு அவருக்கு முடி சாய்ந்த பக்கமாக ஒரே இழுப்பு, ஒருநாள் விட்டு ஒருநாள். முதலாளியிடம் அவரே பேசிச் சம்மதம் வாங்கினார். மழமழப்புக் கொஞ்சம் குறைந்தது. வியாபாரம் குறையவில்லை.

அதன்பின் ஒவ்வொரு தை மாதமும் மாலை கழற்றி வருகிறவர்களின் கழுத்தை நான் கவனிக்காமல் விட்டதில்லை. மாலை போட முடியாதவர்களுக்கும் அதையே சொல்வேன்: மூணு நாலு வாரம் கத்தியை மறந்துவிடுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் ட்ரிம்மரில் ஒரு மில்லிமீட்டர் விட்டு எடுத்துக்கொள்ளலாம். அந்த நாள்களில் வீட்டில் செய்யவேண்டியது வெந்நீர் ஒத்தடம்தான். கை பொறுக்கிற சூட்டில் துணியை நனைத்துப் பிழிந்து, பத்துப் பதினைந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. தோல் இளகி முடியின் வளைவு மேலே தெரிந்தால், ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியின் நுனியை அந்த வளைவுக்கு அடியில் விட்டு மெல்லத் தூக்கி விடலாம். முடி கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் தோண்டக் கூடாது. நசுக்கக் கூடவே கூடாது.

நசுக்கக் கூடாது என்பதை நான் கற்ற விதத்தைச் சொல்லத்தான் வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கம். பிடரியில் ஒரு முண்டோடு பெரியவர் ஒருவர் வந்தார். அரிக்கிறது, எடுத்து விடு என்றார். முடி தெரியவில்லை. தெரியாமல் இருந்தும் நான் இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினேன். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை. நான்காம் நாள் பிடரி முழுக்கச் சிவந்து வீங்கிக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். கீறி, சீழ் எடுத்து, ஊசி போட்டு, பத்து நாள். தினமும் போய்ப் பார்த்தேன். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருடைய மகன் சொன்னார், சொல்வதற்கு அவருக்கு உரிமை இருந்தது. அன்றிலிருந்து சர்க்கரை உள்ளவர், சிவப்பு பரவுகிறவர், வலி கூடுகிறவர், காய்ச்சல் கண்டவர் யாரையும் நான் தொடுவதில்லை, டாக்டரிடம் அனுப்பிவிடுவேன். பிடரியில் முண்டுகள் ஒன்றுசேர்ந்து ரப்பர் மாதிரித் தடிக்க ஆரம்பித்தாலும் அப்படியே. வருடக்கணக்கில் விட்டால் அது கத்தி போட்டு எடுக்கவேண்டிய தழும்பாக இறுகிவிடும். பின்பக்கம் பாக்ஸ் கட்டிங் அடித்துப் பிடரி ஓரத்தை வாரம் தவறாமல் பிளேடால் கோடு போட்டுக்கொள்ளும் பையன்களிடம் இதைச் சொல்லி வாய் வலித்துப்போயிற்று.

பழைய கத்தி எங்கள் கையை விட்டுப் போனது எய்ட்ஸ் பயத்தால். 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமியைக் கண்டுபிடித்தார்கள். அந்தச் செய்தி எங்கள் சந்துக்கு வந்து சேரச் சில வருடம் பிடித்தது. வந்த பிறகு, உட்காரும்போதே "பிளேடு புதுசாண்ணே?" என்று கேட்காத ஆளில்லை. கேட்டது நியாயம். அடைப்பத்துக் கத்தியைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு, பிளேடைப் பாதியாக உடைத்துச் செருகுகிற மடக்குக் கத்திக்கு எல்லாரும் மாறினோம். ரத்தத்தால் பரவும் நோய்க்கு அது காப்பு, அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஆனால் ஆளுக்கு ஒரு புது விளிம்பு என்று ஆனதும் கையில் ஒரு அவசரம் வந்துவிட்டது. தண்ணீர் தடவி ஊறவைக்கிற ஐந்து நிமிடம் தொழிலிலிருந்தே காணாமல் போயிற்று. நுரையை அப்பி உடனே இழுத்துவிடுகிறார்கள்.

அடுத்த மாற்றம் வீடுகளில் வந்தது. ஒரே தலையில் இரண்டு பிளேடு, மூன்று பிளேடு, ஐந்து பிளேடு என்று ரேசர்கள். என் பழைய வாடிக்கையாளர்களின் பிள்ளைகள் வீட்டிலேயே சவரம் செய்துகொண்டு, முண்டை மட்டும் காட்ட என்னிடம் வந்தார்கள். ஒரு பையன், அவன் அப்பாவுக்கு நான்தான் கல்யாணச் சவரம் செய்தேன், இவ்வளவு விலை கொடுத்து வாங்கியும் ஏன் இப்படி என்று கேட்டான். அவன் ரேசரை வாங்கிக் காட்டினேன். முன்னால் இருக்கிற பிளேடு முடியைப் பிடித்து மேலே இழுக்கிறது, அது உள்ளே வழுக்கிப் போவதற்குள் பின்னால் வருகிற பிளேடு அறுத்துவிடுகிறது. அறுந்த முடி தோலுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. என் மூன்று இழுப்பையும் அது ஒரே இழுப்பில் செய்கிறது. நேர்முடிக்காரர்களுக்கு அதனால் தொந்தரவு அவ்வளவாக இல்லை. இந்தப் பையனுக்குச் சுருட்டை. ஒற்றை பிளேடுக்கு மாற்றி, அழுத்தாமல், குளித்து முடித்த கையோடு சவரம் செய்யச் சொன்னேன். ஐந்தாறு தடவைக்கு மேல் ஒரு பிளேடை வைத்துக்கொள்ளாதே, மொக்கை பிளேடுதான் அழுத்தச் சொல்லும் என்றேன்.

படிகாரம் பற்றிக் கேட்பார்கள். வெட்டுப்பட்ட இடத்தில் ரத்தத்தை நிறுத்தும், எரிச்சலை அடக்கும். உள்ளே மடங்கிய முடியை அது வெளியே கொண்டுவராது. எலுமிச்சைச் சாறு, டூத் பேஸ்ட் இரண்டும் தோலைப் புண்ணாக்கும். எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிவருகிற ஸ்டீராய்டு ட்யூப். இரண்டு நாளில் சிவப்பு அடங்குவதால் அதைக் கைகண்ட மருந்து என்று நினைத்து மாதக்கணக்கில் பூசுகிறார்கள். தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, வெயில் பட்டால் எரிந்து, கடைசியில் ட்யூபை நிறுத்தவும் முடியாமல் தவித்த ஒரு கல்லூரிப் பையனின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. டாக்டர் எனக்குச் சொன்னது வேறு: சாலிசிலிக் ஆசிட் உள்ள களிம்போ ஃபேஸ் வாஷோ மேல்தோலின் அடைப்பை இளக்கி முடிக்கு வழிவிடும். பென்சாயில் பெராக்சைடு சீழ் வைப்பதைக் குறைக்கும், ஆனால் துண்டையும் தலையணை உறையையும் வெளுத்துவிடும், பார்த்துக்கொள்ள வேண்டும். எது பூசினாலும் முதலில் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பார்த்துவிட்டுத்தான்.

என் மகள் பியூட்டி பார்லர் வைத்த பிறகுதான் இது ஆண்களின் கதை மட்டுமில்லை என்று தெரிந்தது. காலிலும் அக்குளிலும் வேக்ஸிங் செய்துகொள்ளும் பெண்களுக்கு அதே முண்டு. வேரோடு வரவேண்டிய முடி நடுவில் ஒடிந்தால், மிச்சம் உள்ளேயே தடுமாறுகிறது. தொடை இடுக்கில் முண்டு வந்தவர்கள் வெட்கப்பட்டு அம்மாவிடம்கூடச் சொல்லாமல், பிளேடாலேயே கீறிக்கொண்டு வருகிறார்கள் என்று அவள் வருத்தப்படுவாள். அவள் சொல்லும் வைத்தியம் எளிது. வேக்ஸிங் செய்து இரண்டு மூன்று நாள் இறுக்கமான ஜீன்ஸ், லெக்கிங்ஸ் வேண்டாம். பிறகு வாரம் இரண்டு தடவை, குளிக்கும்போது, ஊறவைத்த பீர்க்கங்கூட்டால் மெதுவாகத் தேய்ப்பது. மெதுவாக என்பதை அவள் மூன்று தடவை சொல்வாள். கால் முழுக்க முண்டு வந்த ஒரு பெண்ணுக்கு அவளே வேக்ஸிங்கை நிறுத்திவிட்டு, லேசர் பற்றித் தோல் டாக்டரிடம் கேட்கச் சொல்லி அனுப்பினாள். ஒரு நல்ல வாடிக்கை போயிற்று. எனக்கு அவளைப் பார்க்க அப்பாவைப் பார்த்த மாதிரி இருந்தது.

கடைசியில் முடி என்னையும் விடவில்லை. 2003 வாக்கில் வலது கையில் நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையில் இருக்கும் ஜவ்வில் சிறு துளை விழுந்தது. அரிப்பு, பிறகு கசிவு. அழுத்தினால் உள்ளேயிருந்து கறுப்பாக ஒன்று எட்டிப் பார்க்கும். அது என் முடியே இல்லை. விரலிடுக்கில் முடியே முளைக்காது. வருடக்கணக்காக வெட்டிய அடுத்தவர்களின் துணுக்கு முடி ஈட்டி மாதிரித் தைத்து, உள்ளே கூடு கட்டியிருந்தது. ஆபரேஷன் செய்த டாக்டர், முடிவெட்டுகிறவர்களுக்கும் பால் கறக்கிறவர்களுக்கும் இது வரும் என்றார். வால் எலும்புக்கு மேலே பிட்டப் பிளவில் வருவதும் இதே வகைதானாம். இரண்டாம் உலகப் போரில் ஜீப்பில் குலுங்கிப் போன அமெரிக்கச் சிப்பாய்களுக்கு ஏராளமாக வந்ததால் ‘ஜீப் நோய்’ என்று பெயர் வைத்தார்களாம். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டுகிற நம் டிரைவர்களிடம் நான் இதை விடாமல் சொல்வேன்: அங்கே கட்டி வந்து வந்து போனால் வீட்டில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள், அது சர்ஜனின் வேலை. என் கடையில் வேலை செய்கிற பையன்களுக்கு ஒரு ஆள் முடிந்ததும் விரலிடுக்கைக் கழுவித் துடைக்காமல் அடுத்த ஆளைத் தொட அனுமதியில்லை.

இப்போது தாடி வைத்துக்கொள்ளும் காலம். கல்யாண மாப்பிள்ளையே தாடியோடு உட்காருகிறான். எங்களுக்குச் சவர வருமானம் குறைந்தது, கழுத்துகள் நன்றாக இருக்கின்றன. போன செவ்வாய்க்கிழமை, கடை விடுமுறை, மகள் வயிற்றுப் பேரன் முதல்முதலாகச் சவரம் செய்துகொள்ள என் முன்னால் வந்து நின்றான். இரண்டு நாள் வளர்ந்த முடியோடு வரச் சொல்லியிருந்தேன். கழுத்தைத் தொடச் சொன்னேன். கை எந்தப் பக்கம் வழுக்குகிறது, எந்தப் பக்கம் தடுக்கிறது என்று அவனே கண்டுபிடிக்கவேண்டும். இடது பக்கத்தில் முடி கீழே இறங்கியது, வலது பக்கத்தில் காதை நோக்கிச் சாய்ந்தது, குரல்வளைக்குக் கீழே ஒரு சுழி. அவன் அம்மாவின் புருவப் பென்சிலை வாங்கி ஒவ்வொரு இடத்திலும் அம்பு போட்டுக் கொடுத்தேன். அதை அவன் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டான். பிறகு வெந்நீர்த் துண்டு, ஐந்து நிமிடம். நுரை. ஒற்றை பிளேடு. அம்பு போன வழியில் ஒரே இழுப்பு.

முகத்தைக் கழுவிவிட்டுக் கழுத்தைத் தடவிப் பார்த்தான்.

"இன்னும் சொரசொரன்னு இருக்கே தாத்தா?"

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பிரஷைக் கழுவி ஆணியில் மாட்டினேன்.